குதிரையின் பெயர் தெரிகிறது, குழல் எழுதியவர் பெயர்?

கேள்வி: அறுபதுகளில் குதிரை வண்டியில் ஊர் ஊராகப் போன வஷ்டி பன்யன் என்ற ஆங்கிலேய நாட்டுப்புறப் பாடகியை முப்பது வருடம் கழித்துக் கண்டெடுத்துக் கொண்டாடுகிறார்களாமே? இவ்வளவு காலம் ஏன் யாரும் கண்டுகொள்ளவில்லை? (வாசகர், கும்பகோணம்)

பதில்: வந்துவிட்டதா குதிரை வண்டி! இந்த அம்மாளைப் பற்றி யார் எழுதினாலும் முதல் வரியிலேயே அது வந்து நின்றுவிடும். சரி, நாமும் ஏறிக்கொள்வோம். 1968-இல் காதலரோடு லண்டனிலிருந்து கிளம்பினார். ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவுப் பக்கம் கலைஞர்கள் கூடி வாழ ஓர் இடம் அமைக்கப்போவதாகப் பாடகர் டோனவன் சொல்லியிருந்தார். வண்டியும் குதிரையும் வாங்கக் கடன் கொடுத்தவரும் அவர்தான். ஒன்றரை வருடம் போல வழியிலேயே கழிந்தது. போய்ச் சேர்ந்தபோது டோனவன் அங்கே இல்லை. வழியில் எழுதிய பாட்டுகள்தான் 'ஜஸ்ட் அனதர் டயமண்ட் டே' என்ற இசைத்தட்டு. குதிரையின் பெயர் பெஸ். அதன் பெயரில் அந்தத் தட்டில் ஒரு பாட்டே இருக்கிறது.

குதிரை பெயர் இன்று உலகத்துக்கே தெரியும். எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் ராபர்ட் கிர்பி என்ற பெயர் உங்களுக்குத் தெரியுமா?

தட்டின் முதல் பாட்டு 'டயமண்ட் டே'. இரண்டு நிமிடம்கூட ஓடாது. உழவு, விதை, கோதுமை என்று நாலு எளிய வரிகள். கிட்டார் அடக்கமாகப் போய்க்கொண்டிருக்கும்போது ரெக்கார்டர் என்கிற மரக்குழல்கள் சேர்ந்து ஒலிக்கும். குரலுக்கு முன்னே முட்டிக்கொண்டு வராமல், அவர் மூச்சு விடும் இடம் பார்த்து நுழைந்து விலகும். அந்தக் குழல்களுக்கான இசையை எழுதியவர் கிர்பி. நிக் டிரேக் என்ற ஆங்கிலேயப் பாடகரின் முதல் தட்டுக்கு வாத்திய இசை எழுத அமர்த்தியவரின் வேலை சரிப்படாமல், 'என் கேம்பிரிட்ஜ் நண்பன் ஒருவன் இருக்கிறான்' என்று டிரேக்கே கூட்டி வந்த மாணவர் இவர். பின்னாளில் சந்தை ஆய்வு வேலைக்குப் போய்விட்டார். 2009-இல் காலமானார்.

இது என் பழைய சண்டை, விடமாட்டேன். தட்டின் உறையில் யார் வாசித்தார், யார் எழுதினார் என்று அச்சடித்திருப்பார்கள். இன்று செல்போன் செயலியில் பாட்டைப் போட்டால் ஒரு சதுரப் படமும் பாடகர் பெயரும் வரும். ஃபிடில் வாசித்த டேவ் ஸ்வார்பிரிக் எங்கே? கூடவே வாசித்த ஸ்காட்லாந்துக்காரர் ராபின் வில்லியம்சன் எங்கே? பாடகர் ஒருத்தர் தனியாகக் காட்டிலே உட்கார்ந்து பாடியதுபோல ஒரு பொய்யான தோற்றம் அதனால்தான் வருகிறது. ஜோ பாய்ட் என்ற கைதேர்ந்த தயாரிப்பாளர் நல்ல வாத்தியக்காரர்களைக் கூட்டிவைத்து ஒலிப்பதிவு செய்த தட்டு இது.

நாட்டுப்புறப் பாடகி என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த அடையாளத்தை வஷ்டியே ஏற்கவில்லை. 1965-இல் அவருடைய முதல் பாட்டை எழுதிக் கொடுத்தவர்கள் ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ராக் இசைக் குழுவின் ஜாகரும் ரிச்சர்ட்ஸும். பாப் பாட்டு பாடிப் புகழ்பெற வந்த லண்டன் பெண். தட்டின் அட்டையில் தலையில் துணி கட்டி வீட்டு வாசலில் நிற்கிறாரே, அதைப் பார்த்துத்தான் எல்லோரும் கிராமத்துப் பெண் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

ஏன் கண்டுகொள்ளவில்லை என்றால், காரணம் ரொம்பச் சாதாரணம். 1969 கடைசியில் பதிவான தட்டு 1970 டிசம்பரில்தான் வெளியானது. அதற்குள் அவர் கைக்குழந்தைக்காரி. நிறுவனமும் பெரிதாக விளம்பரம் செய்யவில்லை. சில நூறு பிரதிகள் விற்றதோடு சரி. 'காலத்தை முந்திய கலைஞர்' என்று இதற்குப் பொன்னாடை போர்த்துபவர்கள் மேல் எனக்குக் கோபமே வருகிறது. விற்க வேண்டியவர்கள் விற்கவில்லை, அவ்வளவுதான். அவர் மனசு விட்டுப்போய்ப் பாட்டையே நிறுத்திவிட்டார். தொண்ணூறுகளின் இறுதியில் கம்ப்யூட்டர் வாங்கி இணையத்தில் தன் பெயரைத் தேடியபோதுதான், அந்தத் தட்டுக்கு ஆட்கள் அலைகிறார்கள் என்பது அவருக்கே தெரிந்தது. 2000-இல் ஸ்பின்னி என்ற சின்ன நிறுவனம் அதைக் குறுந்தட்டாக மறுபடி வெளியிட்டது. அதைக் கேட்ட டெவேந்திரா பான்ஹார்ட், ஜோனா நியூசம் போன்ற இளைய பாடகர்கள் அவரைத் தேடி வந்தார்கள்.

2005-இல் வந்த 'லுக்ஆஃப்டரிங்' அவருடைய இரண்டாவது தட்டு. இரண்டுக்கும் நடுவில் 35 வருடம். தயாரித்தவர் இசையமைப்பாளர் மாக்ஸ் ரிக்டர். நியூசம் ஹார்ப் வாசித்தார். டிரம்பெட்டும் பிரெஞ்சு ஹார்னும் வாசித்தது யார் தெரியுமா? அதே ராபர்ட் கிர்பி. எந்தக் கட்டுரையாவது இதைத் தலைப்பில் போட்டதா? முதல் தட்டையும் இதையும் அடுத்தடுத்து வைத்துக் கேளுங்கள். நம் பத்திரிகைக்கு இசை பற்றி எழுதுகிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: வாசித்தவர்கள் பெயர் இல்லாமல் வரும் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.