நல்ல பேட்ஸ்மேன்களுக்குக் கண்ணும் ரிஃப்ளெக்ஸும் பிறவியிலேயே வேகமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: 12 வயது மகன் அகாடமியில் பௌலிங் மெஷின் போடும் பந்துகளை அருமையாக அடிக்கிறான். ஆனால் மேட்ச்சில் தன் வயதுப் பையன் ஓடி வந்து போட்டால், அதைவிட மெதுவான பந்துக்கே தடுமாறுகிறான். "பந்து கண்ணுக்கே தெரியலப்பா" என்கிறான். பெரிய ஆட்டக்காரர்களுக்குக் கண்பார்வையும் ரிஃப்ளெக்ஸும் பிறவியிலேயே கூடுதலா, பயிற்சியில் வளர்க்க முடியுமா என்பது உங்கள் கேள்வி.

வளர்க்க முடியும். எதைப் பார்ப்பது, எப்போது பார்ப்பது என்று தெரிந்திருப்பதுதான் பெரிய பேட்ஸ்மேன்களிடம் கூடுதலாக இருப்பது. அதைக் கற்றுத்தருவது எதிரே ஓடி வரும் பௌலரின் உடம்பு. மெஷினுக்கு உடம்பு கிடையாது. உங்கள் மகனின் சிக்கல் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நான் சென்னையில் லீக் கிரிக்கெட் ஆடியவன், இப்போது வார இறுதிகளில் பையன்களுக்கு நெட்ஸ் நடத்துகிறேன். இதே கவலையோடு பல பெற்றோர்கள் வருகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ரிஃப்ளெக்ஸ். பிட்ச் 22 கெஜம், அதாவது 20.12 மீட்டர். ஆனால் ஒரு கிரீஸிலிருந்து மறு கிரீஸுக்கு 17.7 மீட்டர்தான். 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்துக்கு ஏறக்குறைய அரை விநாடி போதும். அந்த அரை விநாடிக்குள் லைன் (பந்து வரும் திசை), லெங்த் (அது குத்தும் தூரம்) பார்த்து, முன்னே போவதா பின்னே போவதா என்று முடிவெடுத்து, காலை நகர்த்தி, மட்டையை இறக்க வேண்டும். 1987இல் பீட்டர் மெக்லியோட் என்ற உளவியலாளர் சர்வதேச பேட்ஸ்மேன்களை வைத்து ஒரு சோதனை செய்தார். பிட்ச்சில் விரித்த பாய்க்கு அடியில் மரக் குச்சிகளை வைத்து, குத்திய பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாதபடி செய்தார். குத்தியதிலிருந்து மட்டைக்கு வந்து சேர ஏறக்குறைய 0.2 விநாடிதான் மிச்சம் என்றால், அந்தத் திருப்பத்துக்கு ஏற்ப ஷாட்டை மாற்ற அவர்களாலும் முடியவில்லை. அந்த 0.2 விநாடி சாதாரண மனிதர்களுக்கும் உள்ள எல்லைதான். நாட்டுக்கு ஆடுகிறவர்களின் நரம்பு நம் நரம்பைவிட வேகமானதல்ல.

கண்பார்வையும் அப்படித்தான். ஆஸ்திரேலியாவில் டேவிட் மான் குழுவினர் பேட்ஸ்மேன்களுக்குப் பார்வையை மங்கலாக்கும் கான்டாக்ட் லென்ஸ் மாட்டி ஆடச் சொன்னார்கள். மெஷினிலிருந்து மிதமான வேகத்தில் வந்த பந்துகளுக்கு, +3 பவர் அளவுக்கு மங்கலாக்கிய பிறகுதான் ஆட்டம் தெளிவாகக் கெட்டது. அவ்வளவு மங்கலில் சுவரிலிருக்கும் காலண்டர் எழுத்தைக்கூடப் படிக்க முடியாது. இதைப் படித்துவிட்டுப் பையனுக்குக் கண்ணாடி வேண்டாம் என்று முடிவெடுத்துவிடாதீர்கள். பவர் இருந்தால் கண்ணாடி போட்டுத்தான் ஆட வேண்டும், அது பாதுகாப்பு சார்ந்த விஷயம். சாதாரணப் பார்வையை அதற்குமேல் கூர்மையாக்கினால் ரன் வரும் என்று யாராவது 'கண் பயிற்சி' வகுப்பு விற்றால், அதற்குப் பணம் கொடுக்காதீர்கள் என்பதற்காகவே சொல்கிறேன்.

சரி, பிறகு எதில்தான் வித்தியாசம்? 1980களில் ப்ரூஸ் அபர்நெத்தி என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர் பேட்மின்டனில் இதைத் தேடினார். எதிராளி ஷாட் அடிக்கும் வீடியோவை, ராக்கெட் ஷட்டில்காக்கைத் தொடும் முன்பே வெட்டி நிறுத்தி, 'காக் எங்கே விழும்?' என்று கேட்டார். புதியவர்கள் ராக்கெட்டை மட்டும் வைத்துக் கணித்தார்கள். தேர்ந்தவர்கள் ராக்கெட்டுக்கு முன்பே நகரும் கையையும் சேர்த்துப் படித்தார்கள், அதனால் முன்கூட்டியே சரியாகச் சொன்னார்கள். கிரிக்கெட்டிலும் இதேபோல் 2006இல் ஷான் முல்லர், அபர்நெத்தி, டேமியன் ஃபாரோ மூவரும் சோதித்தபோது, பந்து கையை விட்டு வெளியேறும் முன்பே பௌலரின் கையிலும் மணிக்கட்டிலும் இருந்து செய்தி எடுக்கத் தெரிந்தவர்கள் உயர்மட்ட பேட்ஸ்மேன்கள் மட்டுமே.

தெருமுனையில் யாரோ வருகிறார், முகம் தெரியவில்லை, ஆனால் நடையைப் பார்த்தே 'அட, நம்ம மாமா' என்கிறோம் இல்லையா, அதே திறமைதான் இது. அந்த நடையை நமக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. பல வருடம் பார்த்துப் பழகியதில் தானாக வந்தது. ஆட்டக்காரரின் மூட்டுகளில் ஒளிப்புள்ளிகளை மட்டும் வைத்து, முகம், உடை எல்லாவற்றையும் மறைத்துக் காட்டினாலும் தேர்ந்தவர்கள் ஷாட்டைக் கணிக்கிறார்கள். அவர்கள் படிப்பது அசைவின் ஒழுங்கை.

கண் எங்கே போகிறது என்பதையும் அளந்திருக்கிறார்கள். 2000இல் மைக்கேல் லேண்டும் மெக்லியோடும் பேட்ஸ்மேன்களின் தலையில் கேமரா மாட்டிப் பார்த்தார்கள். யாருமே பந்தைத் தொடர்ந்து பின்தொடரவில்லை. பந்து வெளியேறும் இடத்தைப் பார்த்துவிட்டு, அது குத்தப்போகும் இடத்துக்குக் கண்ணை முன்கூட்டியே தாவவிட்டு அங்கே காத்திருக்கிறார்கள். நன்றாக ஆடுபவரின் கண் சீக்கிரம் தாவியது, சுமாரானவரின் கண் தாமதமாகத் தாவியது. 2013இல் மான் குழுவினர், உலகின் மிகச் சிறந்த பேட்ஸ்மேன்களில் இருவரைச் சோதித்தபோது இன்னும் ஒன்று தெரிந்தது. அவர்களின் தலை பந்தோடு சேர்ந்தே திரும்புகிறது. கண் குத்தும் இடத்துக்கு ஒரு முறை தாவுகிறது, பிறகு மட்டையில் படப்போகும் இடத்துக்கு இன்னொரு முறை தாவுகிறது. 'கடைசி வரை பந்தைப் பார்' என்று நாம் எல்லோரும் பையன்களிடம் கத்துகிறோமே, அந்தக் கடைசிக் கட்டத்தை அவர்கள் எட்டுவது தொடர்ந்து பார்த்து அல்ல, முந்திக்கொண்டு போய்.

பழகிய அசைவு மாறிப்போனால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு நிகழ்வுகளை நான் பையன்களுக்கு அடிக்கடி சொல்வேன். 2004இல் ஒரு காட்சி ஆட்டத்தில், அமெரிக்க சாஃப்ட்பால் வீராங்கனை ஜென்னி ஃபின்ச், ஆல்பர்ட் பூஹோல்ஸ், மைக் பியாஸா போன்ற பெரிய பேஸ்பால் நட்சத்திரங்களைப் பந்தைத் தொடவிடாமல் வெளியேற்றினார். சாஃப்ட்பாலில் தூரம் 43 அடி, பேஸ்பாலில் 60 அடி 6 அங்குலம். வேகம் குறைவு, தூரமும் குறைவு, ஆக பந்து வந்து சேரும் நேரம் ஏறத்தாழ ஒன்றுதான். பந்தும் பெரிது. கையைக் கீழிருந்து சுழற்றி வீசும் அந்த அசைவு மட்டும்தான் அவர்களுக்குப் புதிது.

இன்னொன்று நமக்கு நெருக்கமானது. 2008இல் இந்திய அணி இலங்கைக்குப் போனது. சேவாக், டிராவிட், டெண்டுல்கர், கங்குலி, லக்ஷ்மண் எல்லோரும் இருந்த அணி. சுழற்பந்தை அவர்களைவிட நன்றாக ஆடிய வரிசை அன்று உலகில் இல்லை. அறிமுகத் தொடரில் ஆடிய அஜந்தா மெண்டிஸ் 3 டெஸ்ட்டில் 26 விக்கெட் எடுத்தார். கேரம் காயைச் சுண்டுவதுபோல் நடுவிரலால் சுண்டிவிடும் பந்து அவருடையது. மணிக்கட்டைப் பார்த்துத் திருப்பத்தைப் படித்துப் பழகிய கண்களுக்கு, விரலில் என்ன நடக்கிறது என்று படிக்கத் தெரியவில்லை. காலேவில் சேவாக் மட்டும் அணியின் 329 ரன்களில் 201 ஆட்டமிழக்காமல் அடித்தார். பிற்பாடு பேட்ஸ்மேன்கள் மெண்டிஸின் விரலைப் படித்துக்கொண்டார்கள், அவருக்கு அப்படியொரு தொடர் மறுபடி அமையவில்லை. சென்னைத் தெருக்களில் டென்னிஸ் பந்தில் பையன்கள் இதே வித்தையைச் 'சொடுக்கு' என்று போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அஸ்வின் தெருக் கிரிக்கெட்டில்தான் அதைக் கற்றதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்போது உங்கள் மகனின் மெஷினுக்கு வருவோம். மெஷின் பந்தில் ஓட்டம் இல்லை, குதிப்பு இல்லை, தோள் திரும்புவது இல்லை. ஓட்டைக்குள்ளிருந்து பந்து வருகிறது, வந்த பிறகுதான் செய்தி தொடங்குகிறது. ராஸ் பின்டர் குழுவினர் இளம் பேட்ஸ்மேன்களை ஒரே வேகத்தில் மெஷினுக்கும் உண்மையான பௌலருக்கும் எதிராக ஆடவைத்து ஒப்பிட்டார்கள். மட்டையைத் தூக்கும் நேரம், முன்காலை எடுத்துவைக்கும் நேரம், இரண்டுமே வேறுபட்டன. அதாவது மெஷினில் அவன் பழகுவது வேறொரு ஆட்டத்தின் தாளம். மேட்ச்சில் பௌலரின் உடம்பு சொல்லும் செய்தியை அவன் படிக்கக் கற்கவே இல்லை, அதனால்தான் பந்து திடீரென்று முளைத்து வருவதுபோல் இருக்கிறது. அவன் "தெரியல" என்பது உண்மை, சாக்கு இல்லை. அதற்காக அவனைத் திட்டாதீர்கள்.

உடம்பு அசைவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'ஒரே ஷாட்டை ஆயிரம் தடவை அச்சு மாறாமல் அடித்தால் பதிந்துவிடும்' என்ற நம்பிக்கை நம் ஊர்ப் பயிற்சியில் ஆழமாக இருக்கிறது. 1920களில் மாஸ்கோவில் நிக்கோலாய் பெர்ன்ஸ்டைன், சுத்தியலால் உளி அடிக்கும் தேர்ந்த தொழிலாளர்களைப் படம் பிடித்து ஆராய்ந்தார். சுத்தியலின் முனை ஒவ்வொரு தடவையும் இலக்கில் சரியாகப் போய் இறங்கியது. ஆனால் தோள், முழங்கை, மணிக்கட்டு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேறுவிதமாக அசைந்தன. ஒரு மூட்டில் வரும் பிசகை இன்னொரு மூட்டு ஈடுகட்டுகிறது. தேர்ச்சி என்பது அந்த ஈடுகட்டல்தான். அது வர வேண்டுமென்றால் பயிற்சியில் நிலைமை மாறிக்கொண்டே இருக்க வேண்டும். பந்து ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருந்தால் ஈடுகட்ட என்ன இருக்கிறது?

இதற்கு 1994இல் அமெரிக்கக் கல்லூரி பேஸ்பால் அணி ஒன்றில் செய்த சோதனை நல்ல சான்று. ஒரு குழுவுக்கு 15 வேகப்பந்து, 15 வளைபந்து, 15 மெதுபந்து என்று வரிசையாகப் போட்டார்கள். இன்னொரு குழுவுக்கு அதே 45 பந்துகளைக் கலந்துகட்டிப் போட்டார்கள். ஆறு வாரம் கழித்துச் சோதித்தபோது கலந்து ஆடியவர்கள் தெளிவாக முந்தியிருந்தார்கள். பயிற்சி நடக்கும்போது கலவைப் பந்து அசிங்கமாகத்தான் தெரியும், நிறையத் தவறும். வேலியோரம் நின்று பார்க்கும் பெற்றோருக்கு வரிசைப் பந்துதான் அழகாக இருக்கும். அந்த அழகைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆக, என்ன செய்யலாம்? மெஷினைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஒரு குறிப்பிட்ட ஷாட்டின் வடிவத்தைச் சரிசெய்யவோ, ஷார்ட் பால் (பேட்ஸ்மேனுக்குத் தள்ளியே குத்தி எழும்பி வரும் பந்து) பயத்தைப் போக்கவோ வாரத்தில் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளலாம். மீதி நேரமெல்லாம் மனிதர்கள் போடும் பந்து. இடதுகை, வலதுகை, உயரமானவன், குள்ளமானவன், ஸ்பின், வேகம், தப்பும் தவறுமாகப் போடுகிறவன் எல்லோரும் வேண்டும். அகாடமியில் பௌலர் இல்லை என்றால் தெருவில் டென்னிஸ் பந்து ஆடட்டும். 'படிப்பும் போச்சு, டெக்னிக்கும் போச்சு' என்று பல அப்பாக்கள் அதைத் தடுக்கிறார்கள். ஒரே மாலையில் பத்து விதமான கைகளைப் பார்க்கும் வாய்ப்பு வேறெங்கே கிடைக்கும்?

அவனையும் பந்து போடச் சொல்லுங்கள். 2008இல் இத்தாலியில் சால்வதோரே அக்லியோட்டி குழுவினர் கூடைப்பந்து வீரர்களையும், அதே அளவு ஆட்டங்களைப் பார்த்துப் பழகிய பயிற்சியாளர்களையும் விளையாட்டுப் பத்திரிகையாளர்களையும் ஒப்பிட்டார்கள். பந்து கூடைக்குள் போகுமா என்பதை எல்லோரையும்விடச் சீக்கிரம், சரியாகச் சொன்னவர்கள் வீரர்கள். பந்து கையை விட்டுப் போகும் முன்பே சொன்னார்கள். கூக்ளி (லெக் ஸ்பின் போலத் தெரிந்து எதிர்ப்பக்கம் திரும்பும் பந்து) போட முயன்று பார்த்தவனுக்கு அடுத்தவன் மணிக்கட்டு சுழல்வது சீக்கிரம் புரிகிறது என்பதை நெட்ஸில் நானும் பார்க்கிறேன்.

பந்து வரும் நேரத்தில் 'முழங்கை, தலை, இடது தோள்' என்று அவன் காதில் அடுக்காதீர்கள். தன் கை கால்களைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பவனுக்குப் பௌலரைப் பார்க்க இடமே இருக்காது. நான் கேட்பது ஒரே கேள்வி. மற்றவன் ஆடும்போது இவனை அம்பயர் பக்கம் அல்லது வலைக்குப் பின்னால் நிறுத்தி, பந்து குத்துவதற்குள் 'ஃபுல்லா, ஷார்ட்டா?' என்று சத்தமாகச் சொல்லச் சொல்வேன். தன் முறை வரும்போது மட்டையோடு ஆடிக்கொண்டே அதையே சொல்ல வேண்டும். வாயால் சொல்வதைவிட மட்டையோடு உண்மையாகவே ஆடும்போது தேர்ந்தவர்களின் கணிப்பு இன்னும் சரியாக இருக்கிறது என்று மான் குழுவினரின் 2010 ஆய்வு காட்டுகிறது. அதனால் முதல் பாதியோடு நிறுத்திவிடாதீர்கள். ஆரம்பத்தில் பந்து தாண்டிப் போன பிறகுதான் சத்தம் வரும். போகப் போக முந்தும். அது முந்திக்கொண்டே வருகிறதா என்று மட்டும் கவனியுங்கள். இந்த சீசனில் ஸ்கோர்புத்தகத்தைவிட அதுதான் அவன் எங்கே நிற்கிறான் என்பதைச் சரியாகக் காட்டும்.