டிஸ்க் இல்லாத ஸ்டீல்புக்: வாங்கலாமா, கூடாதா?

சேகரிப்பாளர் கேள்வி - பதில்

ஆர்.கே., கோயம்புத்தூர்: சினிமா டிஸ்க் வைக்கும் தகரப் பெட்டியான ஸ்டீல்புக்கைத் தேடினால் சில கடைகளில் படத்தின் பெயர், ஓவியம் எல்லாம் பளபளவென்று இருக்கிறது, ‘டிஸ்க் இல்லை’ என்பது மட்டும் அடியில் பொடி எழுத்தில் கிடக்கிறது. படமே இல்லாத பெட்டியை எதற்கு விற்கிறார்கள்? இதை வாங்குவது சேகரிப்பில் சேருமா?

முதலில் விற்பவர் பக்கத்தைப் பார்ப்போம். ஒரு படத்தை டிஸ்க்கில் வெளியிடும் உரிமை ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு விநியோகஸ்தரிடம் இருக்கும். அந்தப் படத்தின் ஓவியத்தைப் பொருள்களில் அச்சிட்டு விற்கும் உரிமை வேறு; அதைத் தனியாக வாங்கலாம். டிஸ்க் போட வேண்டுமென்றால் மாஸ்டர் தயாரிக்க வேண்டும், அச்சு வார்க்க வேண்டும், ப்ளூரேயில் கட்டாயமான, நகலெடுப்பதைத் தடுக்கும் ஏஏசிஎஸ் பூட்டுக்கு ஒவ்வொரு வெளியீட்டுக்கும் கட்டணம் கட்ட வேண்டும். பிரிட்டனில் 1984ஆம் ஆண்டின் வீடியோ பதிவுச் சட்டப்படி படம் உள்ள டிஸ்க்குக்குத் தணிக்கைச் சான்று வேண்டும். வெறும் தகரப் பெட்டிக்கு அந்தச் சட்டத்தில் வேலையில்லை. சில நூறு பிரதிகள் மட்டும் போடும் சிறு வெளியீட்டுக்கு இந்தச் செலவெல்லாம் கட்டுப்படியாகாது. பெட்டியை மட்டும் விற்றால் கட்டுப்படியாகும்.

வீடியோ கேமில் இது முன்பே வந்துவிட்டது. 2022இல் வந்த ‘காட் ஆஃப் வார் ரக்னராக்’ கலெக்டர்ஸ் எடிஷனில் சிலை, சுத்தியல், ஸ்டீல்புக் எல்லாம் இருந்தன. ஆனால் ஸ்டீல்புக் காலி. விளையாட்டு, டவுன்லோடு கோடாக மட்டும் வந்தது. விளம்பரத்திலேயே அதைச் சொல்லியிருந்தும் பலர் கவனிக்காமல் வாங்கி வருந்தினார்கள்.

சேகரிப்பாளர்கள் இதில் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். ‘சாதாரண பிளாஸ்டிக் கேஸில் டிஸ்க் என்னிடம் இருக்கிறது, அதே படத்தை இன்னொரு முறை வாங்காமல் நல்ல உறை மட்டும் கிடைத்தால் லாபம்தானே’ என்பது ஒரு தரப்பு. இதில் நியாயம் இருக்கிறது. ஸ்டீல்புக்குக்காக ஒரே படத்தை இரண்டு மூன்று முறை வாங்கி, மிச்ச டிஸ்க்குகளைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறவர்கள் ஏராளம். ‘அலமாரியில் முதுகு வரிசை மட்டும் இருந்து, உள்ளே ஒன்றுமில்லை என்றால் அது படச் சேகரிப்பு இல்லை’ என்பது எதிர்த்தரப்பு. அவர்களின் உண்மையான கவலை இன்னொன்று: காலிப் பெட்டி நன்றாக விற்றால், டிஸ்க் போடும் சிரமத்தைக் கம்பெனிகள் மெல்லக் கைவிட்டுவிடும். டிஸ்னி 2023இல் ஆஸ்திரேலியாவில் டிஸ்க் வெளியீட்டை நிறுத்தியதையும், அமெரிக்காவில் பெஸ்ட் பை கடைகள் 2024இல் பட டிஸ்க் விற்பனையை விட்டதையும் பார்த்தவர்களுக்கு இந்த பயம் வருவது இயல்பு.

எங்கள் கருத்தைக் கேட்டால், டிஸ்க் உங்கள் கையில் இருந்தால் வாங்குங்கள்; இல்லையென்றால் முதலில் டிஸ்க்கைத் தேடுங்கள். பெட்டிக்குத் தகரப் பெட்டியின் விலைதான் கொடுக்க வேண்டும். டிஸ்க்கோடு வரும் ஸ்டீல்புக்கின் விலையைக் காலிப் பெட்டிக்குக் கேட்டால் அது கொள்ளை. ‘டிஸ்க் இல்லை’ என்பதைத் தலைப்பில் சொல்லாத கடையில் வாங்கவே வேண்டாம்.

எஸ். வி., திருநெல்வேலி: காலி ஸ்டீல்புக்கை நிரப்ப டிஸ்க்கைத் தனியாக வாங்கப்போகிறேன். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

ரீஜனைப் பாருங்கள்; டிஸ்க் எந்தப் பகுதியின் பிளேயரில் ஓடும் என்பதைக் குறிக்கும் பூட்டு அது. சாதாரண ப்ளூரேயில் மூன்று ரீஜன்கள். அமெரிக்கா, ஜப்பான், கொரியா, ஹாங்காங் எல்லாம் ‘ஏ’. ஐரோப்பாவும் ஆஸ்திரேலியாவும் ‘பி’. இந்தியாவும் இலங்கையும் ‘சி’. நம் ஊரில் வாங்கிய பிளேயரில் ‘ஏ’ மட்டும் போட்ட டிஸ்க் ஓடாது. ‘ஏபிசி’ என்று மூன்றும் போட்டிருந்தால் கவலையில்லை. 4கே அல்ட்ரா எச்டி டிஸ்க்கில் ரீஜன் பூட்டே கிடையாது. ஆனால் அதே பெட்டியில் கூட வரும் ப்ளூரேக்கு இருக்கலாம்.

மு. பா., தஞ்சாவூர்: பழைய கேஸிலிருந்து ஸ்டீல்புக்குக்கு மாற்றும்போது ஒரு டிஸ்க்கில் நடு ஓட்டையைச் சுற்றி மயிரிழை விரிசல் விழுந்துவிட்டது. என்ன தவறு?

டிஸ்க்கை விளிம்பைப் பிடித்து மேலே இழுத்திருப்பீர்கள். கேஸின் நடுவில் டிஸ்க்கைப் பிடித்திருக்கும் குமிழின் பற்கள் விடாத நிலையில் இழுத்தால் 1.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் வளைந்து, அழுத்தம் முழுவதும் நடுவில் விழும். அந்த விரிசல் நாளடைவில் வெளிப்பக்கம் நகரும். அந்த டிஸ்க்கை இனி கழற்றி மாட்டாதீர்கள்.

சரியான முறை இது. மேஜையில் மெத்தென்ற துணி விரித்து, பழைய கேஸையும் ஸ்டீல்புக்கையும் முழுக்க மலர்த்தி வையுங்கள். ஸ்டீல்புக்கைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு செய்தால் முதுகு மடிப்பு நெளியும். பழைய கேஸில் நடுக்குமிழைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். டிஸ்க் தானாக எழும்பிய பிறகே விளிம்பைத் தொடுங்கள். புதுப் பெட்டியில் வைப்பதற்கு முன் குமிழின் பற்களை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். ஒரு பல் உடைந்திருந்தாலும் அந்தத் துணுக்கு உள்ளே உருண்டு டிஸ்க்கைக் கீறும். ப்ளூரேயில் தகவல் அடுக்குக்கு மேலே இருக்கும் உறை 0.1 மில்லிமீட்டர்தான் என்பதை மறக்கக் கூடாது. டிஸ்க்கை வைத்து, ஓட்டையை ஒட்டிய வளையத்தில் மட்டும் இரண்டு விரலால் அழுத்துங்கள். ‘டக்’ என்று உட்காரும். பிறகு விளிம்பை லேசாகத் தள்ளினால், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தட்டில் உரசாமல் சுழல வேண்டும். உரசினால் தட்டு சரியாகப் பொருந்தவில்லை. தட்டின் நீளப் பக்கத்தின் நடுவில் விரலால் அழுத்தி, தகர விளிம்பின் மடிப்புக்குள் மறுபடி உட்கார வையுங்கள். ஸ்குரூ டிரைவர் வைத்து நெம்பினால் வெளிப்பக்கம் புடைத்துவிடும், அதைச் சரிசெய்ய வழியில்லை.

காலியான பழைய கேஸைத் தூக்கிப் போடாதீர்கள். பின்னாளில் விற்கும்போது கேட்பார்கள்.

என். ஜே., சிங்கப்பூர்: பழைய சரக்காக ஒரு ஸ்டீல்புக் டிஸ்க்கோடு வாங்கினேன். காலிப் பெட்டியில் யாரோ பதிவு செய்த டிஸ்க்கை வைத்துக் கொடுத்துவிட்டார்களோ என்று சந்தேகம்.

இந்த ஏமாற்று வேலை நடக்கிறது. காலிப் பெட்டிகள் பெருகினால் இதுவும் பெருகும். டிஸ்க்கின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். தொழிற்சாலையில் அச்சு வார்த்த ப்ளூரே வெள்ளி நிறத்தில் இருக்கும். வீட்டில் பதிவு செய்ததில் பெரும்பாலும் கரும்பழுப்புச் சாயல் தெரியும். நடு ஓட்டையை ஒட்டிய வளையத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ‘ஐஎஃப்பிஐ’ (IFPI) என்று தொடங்கும் பொடி எழுத்துக் குறியீடு இருக்க வேண்டும். வார்த்த தொழிற்சாலையின் அடையாளம் அது. கணினியில் ப்ளூரே டிரைவ் இருந்தால் டிஸ்க் வகையைக் கேளுங்கள். ‘பிடி-ரோம்’ (BD-ROM) என்றால் தொழிற்சாலையில் வார்த்தது, சரி; ‘பிடி-ஆர்’ (BD-R) என்றால் பதிவு செய்தது, பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மேல்பக்கப் படம் ஈரவிரல் பட்டதும் கலைந்தாலும் அதே முடிவுதான்.

க. தி., சேலம்: காலிப் பெட்டிக்குள் டிஜிட்டல் கோடு இருக்கிறது, அதுவே படம் என்கிறார் விற்பவர்.

கோடு என்பது அனுமதிச் சீட்டு. அதற்குக் கெடு தேதியும் உண்டு, நாட்டு எல்லையும் உண்டு. இந்தக் கோடுகளை ஏற்கும் மூவிஸ் எனிவேர் என்ற இணையச் சேவை அமெரிக்காவில் மட்டுமே இயங்குகிறது. அதன் கோடு இந்தியக் கணக்கில் ஏறாது. பழைய சரக்கென்றால் கோடு ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ப. ம., மதுரை: தனியாக வாங்கிய காகித ஸ்லிப் (கேஸின் மேல் மாட்டும் உறை) என் கேஸில் லொடலொடவென்று ஆடுகிறது.

தடிமன் வேறுபாடுதான் காரணம். அமெரிக்க ப்ளூரே கேஸ் 11, 12 மில்லிமீட்டர்தான் இருக்கும். பிரிட்டன் கேஸ் 14, 15 வரும். அமெரிக்க கேஸுக்கு பிரிட்டன் ஸ்லிப் ஆடும். மாற்றிப் போட்டால் நுழையவே நுழையாது, வற்புறுத்தினால் மடிப்பு கிழியும். ஸ்டீல்புக்குக்கென்று கொரியாவின் நோவா மீடியா, ஹாங்காங்கின் மாண்டா லேப், செக் நாட்டின் ஃபிலிம் அரீனா போன்றவர்கள் போடும் முழு ஸ்லிப் பிளாஸ்டிக் கேஸுக்குப் பொருந்தாது. ஆர்டர் செய்வதற்கு முன் முதுகின் தடிமனை ஸ்கேல் வைத்து அளந்து, கடையிடம் அந்த எண்ணைக் கேளுங்கள்.

ஜி. எல்., நாகப்பட்டினம்: ஸ்டீல்புக் ஓரங்களில் துரு. கடலோர வீட்டில் எப்படிப் பாதுகாப்பது?

ஸ்டீல்புக் என்பது மெல்லிய வெள்ளீயம் பூசிய இரும்புத் தகடு. மேலே அச்சும் வார்னிஷும் காப்பாற்றும். வெட்டிய விளிம்பில் இரும்பு வெளியே தெரியும், துரு அங்கேதான் தொடங்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பூச்சும் போய்விடும். உலர்ந்த பஞ்சால் துடைத்து, காது குடையும் பட்ஸில் தையல் மெஷின் எண்ணெயை ஒரு துளி தொட்டு, உள்விளிம்பில் மட்டும் ஒற்றி எடுங்கள். காகிதத்திலும் டிஸ்க்கிலும் படக் கூடாது.

கதவு உள்ள அலமாரியில், நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லைத் தட்டுக்கு 50 கிராம் வையுங்கள். நிறம் மாறியதும் உலர்த்தி மறுபடி வைக்கலாம். மழை நாளில் வந்த பார்சலை உடனே பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடாதீர்கள், ஈரம் உள்ளேயே அடைபடும். உறை வாங்கும்போது பிஇடி அல்லது பாலிபுரொப்பிலீன் என்று கேட்டு வாங்குங்கள். மலிவான பிவிசி உறை வெயில் காலத்தில் கசிந்து அச்சில் ஒட்டிக்கொள்ளும். ராமபாணப் பூச்சிக்குப் பயந்து அந்துருண்டை போடவே கூடாது, அதன் ஆவி பிளாஸ்டிக்கைப் பாழாக்கும்.

பின்பக்கத் தகவல் அட்டையின் பசை ஒட்டியிருந்தால் ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் ஒரு சாண் தள்ளிச் சில நொடி காட்டி, விரலால் உருட்டி எடுங்கள். நகப்பூச்சு நீக்கியும் தின்னரும் வார்னிஷைக் கரைத்துவிடும்.

அ. ச., யாழ்ப்பாணம்: பழைய தமிழ்ப்பட டிவிடிகளைக் காலி ஸ்டீல்புக்கில் வைக்கலாமா?

டிஸ்க் பொருந்தும், இரண்டும் 12 சென்டிமீட்டர்தான். டிவிடி கேஸ் 19 சென்டிமீட்டர் உயரம், ப்ளூரே அளவு ஸ்டீல்புக் 17 என்பதால் பழைய அட்டைப்படம் உள்ளே போகாது. அதை மடிக்க வேண்டாம். பழைய கேஸிலேயே இருக்கட்டும்.

ஆர். டி., சென்னை: என்னிடமுள்ள காலி ஸ்டீல்புக்குகளை விற்க எப்படி விளம்பரம் எழுதுவது?

தலைப்பின் முதல் சொற்களே ‘காலிப் பெட்டி, டிஸ்க் இல்லை’ என்று இருக்கட்டும். பெட்டியை மலர்த்தி, வெறும் தட்டு தெரியும்படி ஒரு படம். முதுகையும் நான்கு மூலைகளையும் சாய்ந்த வெளிச்சத்தில் தனித்தனிப் படம். நேர் வெளிச்சத்தில் நெளிவு தெரியாது. அனுப்பும்போது பபிள் ஷீட்டை இரண்டு சுற்றுச் சுற்றி, எல்லாப் பக்கமும் மூன்று விரல் இடைவெளி விட்டுப் பெட்டிக்குள் பெட்டியாக வையுங்கள். பபிள் கவரில் மட்டும் போட்டு அனுப்பினால் மூலை நசுங்கித்தான் போய்ச் சேரும்.