பழைய குண்டு வார்ப்பு அச்சின் எண் சொல்வது என்ன?

கேள்வி: என் சேகரிப்புக்கு வந்த, துப்பாக்கி ஈயக்குண்டுகளை வார்க்கும் நான்கு குழி அச்சில் ‘ஐடியல்’ என்ற பெயரும் 429421 என்ற எண்ணும் உள்ளன. அவை எதைக் குறிக்கின்றன?

பதில்: முதல் மூன்று இலக்கங்கள் குண்டின் விட்டத்தை, அதாவது 0.429 அங்குலத்தை, குறிக்கின்றன; எஞ்சிய 421 வடிவமைப்பின் எண்ணாகும். இது அமெரிக்கத் துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத் வகுத்த புகழ்பெற்ற வடிவம். அமெரிக்காவின் ஐடியல் நிறுவனம் 1925இல் லைமன் நிறுவனத்தின் வசமான பின்னரும் பழைய பெயர் அச்சுகளில் நீடித்ததால், பெயரை மட்டும் வைத்து வயதைக் கணிப்பது தவறாகும். துருவை உப்புத்தாளால் ஒருபோதும் தேய்க்க வேண்டாம். குழியின் விளிம்பு மழுங்கினால் அச்சின் மதிப்பே போய்விடும். எண்ணெயில் ஊறவைத்து, மென்மையான தூரிகையால் துடைப்பதே நல்லது. வார்த்துப் பார்ப்பதானால், ஈயம் உருகும் 327 பாகை செல்சியசில் ஒரு துளி நீரும் உலோகத்தைத் தெறிக்கச் செய்யும் என்பதால், அச்சு முற்றிலும் உலர்ந்திருப்பது அவசியம்.