கலப்பின நாய்க்கு கென்னல் கிளப் அங்கீகாரம் தரலாமா?

கேள்வி: லாப்ரடாருக்கும் பூடிலுக்கும் பிறந்த ‘லாப்ரடூடுல்’ குட்டி வாங்குவதற்காகப் புதுச்சேரியில் ஒருவரிடம் விசாரித்தோம். இதற்கு விரைவில், நாய் இனங்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப்பின் அங்கீகாரம் வந்துவிடும் என்று சொல்லி விலையை ஏற்றிக் கேட்கிறார். இத்தகைய நாய்களைத் தனி இனமாக அங்கீகரிப்பது சரிதானா?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: வராத அங்கீகாரத்துக்கு இன்றைக்கே விலை கொடுக்காதீர்கள்.

கலப்பில் பிறந்தது என்பது ஒரு குறையே அல்ல. இன்று தூய இனமாக மதிக்கப்படும் கோல்டன் ரெட்ரீவர், 1868-இல் ஸ்காட்லாந்தில் மஞ்சள் நிற ரெட்ரீவரையும் ட்வீட் வாட்டர் ஸ்பானியலையும் இணை சேர்த்ததில் தொடங்கியது. ஜெர்மனியில் 1960-இல் வுல்ஃப்ஸ்பிட்ஸையும் சௌ சௌவையும் கலந்து, பிறகு சமோயெடையும் சேர்த்து உருவாக்கிய யூரேசியரை, கென்னல் கிளப்களின் சர்வதேசக் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ. 1973-இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் அவற்றை வளர்த்தவர்கள் முதல் ஈற்றோடு நின்றுவிடாமல், குட்டிகள் பெற்றோரைப் போலவே பிறக்கும் நிலை வரும்வரை தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து, பதிவேடும் வைத்திருந்தார்கள். புதிய இனத்துக்கு மூன்று தலைமுறைகளுக்குப் பொது மூதாதை இல்லாத எட்டு வம்சங்களையாவது காட்ட வேண்டும் என்று எஃப்.சி.ஐ. கேட்பது இதனால்தான்.

லாப்ரடூடுலின் கதை வேறு. 1989-இல் ஆஸ்திரேலியாவில், நாய் ரோமம் ஒவ்வாத கணவரைக் கொண்ட பார்வையற்ற பெண் ஒருவருக்கு வழிகாட்டி நாயாகவே இந்தக் கலப்பு முயலப்பட்டது; பிறந்த மூன்று குட்டிகளில் ஒன்றுதான் அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது. இன்றும் நேர்க் கலப்பில் பிறக்கும் ஒரே ஈற்றுக் குட்டிகளில் ஒன்று சுருள்முடியோடும் மற்றொன்று லாப்ரடாரைப் போல முடி உதிர்ப்பதாகவும் வளர்வதுண்டு. இவற்றுக்கு இப்போதே இனப் பெயர் தருவது, விற்பவருக்கு மட்டுமே லாபம் என்பது என் உறுதியான கருத்து.

தலைமுறைகள் நிலைபெற்ற பின் தாராளமாகத் தரட்டும். அப்போதும் வேறு இன நாயைச் சேர்க்கவே கூடாது என்று பதிவேட்டை இறுக மூடிவிடக் கூடாது. டால்மேஷியன் இனம் முழுவதிலும் பரவிவிட்ட யூரிக் அமிலக் கோளாற்றைத் தீர்க்க 1973-இல் அமெரிக்காவில் ஒரேயொரு முறை பாயிண்டர் நாயைக் கலந்தார்கள். அந்த வழி வந்த நாய்களை அமெரிக்கன் கென்னல் கிளப் 2011-இல்தான் ஏற்றது. அதுவரை எத்தனை நாய்கள் சிறுநீர்க் கல்லால் துடித்திருக்கும்!

கலப்பினத்துக்கு நோயே வராது என்பதையும் நம்ப வேண்டாம். லாப்ரடார், பூடில் இரண்டுக்குமே இடுப்பு மூட்டுக் கோளாறும் பரம்பரையாக வரும் விழித்திரைச் சிதைவும் உண்டு. ஆகவே தாய், தகப்பன் இரண்டின் இடுப்பு எக்ஸ்ரேயையும் கண் பரிசோதனை அறிக்கையையும் கேளுங்கள். நாய் வளர்ப்பு, விற்பனை குறித்த இந்திய அரசின் 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி வளர்ப்பாளர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கவும் கூடாது. கடலூரின் கடற்கரைப் புழுக்கத்தில் அந்தச் சுருள்முடி எளிதில் சிக்குப்பிடித்துத் தோல் புண்ணாகும் என்பதால், நாள்தோறும் சீவிவிட வீட்டில் ஆள் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.