ஆதரவுக் கடிதத்தில் கையெழுத்திடலாமா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் குடியாத்தத்தில் வசிக்கிறேன். கல்லூரியில் படிக்கும்போது உலகளாவிய இளைஞர் அமைப்பு ஒன்றில் சேர்ந்தேன். இப்போது அதன் வேலூர்க் கிளைக்குச் செயலாளராக இருக்கிறேன். கைத்தறி நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறோம். ஆண்டுக்கொரு முறை ஏலகிரியில் முகாம் போடுகிறோம். எங்கள் கிளைத் தலைவர் எட்டு ஆண்டுகளாக எங்களை நல்ல முறையில் வழிநடத்தி வருகிறார்.

ஐரோப்பாவில் உள்ள எங்கள் தலைமையகத்தில் பொதுச் செயலாளரைப் பதவிக்காலம் முடிவதற்குள் நீக்கிவிட்டார்கள். காரணம் சொல்லப்படவில்லை. பெரிய நன்கொடையாளர்களின் நெருக்கடி என்று ஒரு தரப்பும், அவருடைய நிர்வாகம் சரியில்லை என்று மறு தரப்பும் சொல்கின்றன. இப்போது எங்கள் தேசிய அலுவலகம், புதிய நிர்வாகத்துக்கு ஆதரவு தெரிவிக்கும் கடிதம் ஒன்றைத் தானே தட்டச்சு செய்து எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்கிறது. மாலை வகுப்புக்கு வந்துகொண்டிருந்த தொகையும் நின்றுவிட்டது. இளைஞர்களுக்காகத் தொடங்கிய அமைப்பிலும் கட்சிகளைப் போலவே ஏன் பதவிச் சண்டை வருகிறது? கையெழுத்திடலாமா, அல்லது விலகிவிடலாமா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகர், குடியாத்தம்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அமைப்பின் உள்விவகாரத்தில் எந்தத் தரப்பு சரி என்று இங்கே உட்கார்ந்துகொண்டு என்னால் தீர்ப்புச் சொல்ல இயலாது. ஆனால் நீங்கள் விவரித்திருக்கும் நிலைமை புதிதன்று. ஏறக்குறைய இதே வரிசையில், இதைவிடப் பன்மடங்கு பெரிய அமைப்பொன்றில் இது நடந்திருக்கிறது.

சாரணர் இயக்கத்தின் நூற்றாண்டு 2007. இங்கிலாந்தில் சாரணர்களின் பெருமுகாமான உலக ஜாம்போரி நடந்து, வாழ்த்துகளும் நினைவு அஞ்சல்தலைகளும் வந்து குவிந்த அதே ஆண்டின் நவம்பரில், உலகச் சாரணர் அமைப்பின் பொதுச் செயலாளர் எதுவார்தோ மிஸ்ஸோனி பதவியிலிருந்து அகற்றப்பட்டார். இத்தாலியரான அவர் ஒரு மருத்துவர், 2004-இல் பொறுப்பேற்றவர். அவருடைய நிர்வாகத்தின் மீது அதிருப்தி கொண்டிருந்த அமெரிக்கச் சாரணர் சங்கம், உலக அமைப்புக்குத் தான் செலுத்த வேண்டிய தொகையை அதற்கு முன்பே நிறுத்தி வைத்திருந்தது. பணத்தை நிறுத்தி ஒரு பொதுச் செயலாளரை வெளியேற்றலாம் என்றால் மாநாடும் வாக்கும் எதற்கு என்ற பொருளில் ஸ்வீடன் நாட்டுச் சாரணர்கள் வெளிப்படையாகவே கேள்வி எழுப்பினார்கள். மிஸ்ஸோனி திறமையான நிர்வாகியா இல்லையா என்பதில் இன்றுவரை இரு கருத்து உண்டு. எனக்கு அது முக்கியமாகப் படவில்லை. திறமையற்றவராகவே இருந்திருந்தாலும், அதைச் சொல்லி அவரை நீக்க வேண்டிய இடம் வேறு, அவர் நீங்கக் காரணமாக அமைந்த இடம் வேறு என்பதுதான் அங்கே இருந்த கோளாறு.

அந்த அமைப்பின் சட்டதிட்டத்தைப் பார்த்தால் கோளாறு எங்கிருந்து கிளம்புகிறது என்பது விளங்கும். மூன்றாண்டுக்கு ஒருமுறை கூடும் உலகச் சாரணர் மாநாட்டில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஆறு வாக்குகள். பல லட்சம் சாரணர்களைக் கொண்ட இந்தியாவுக்கும் ஆறு, சில நூறு பேர் மட்டுமே உள்ள ஒரு சிறிய தீவு நாட்டுக்கும் ஆறு. சந்தாவோ உறுப்பினர் எண்ணிக்கையையும் நாட்டின் வருமானத்தையும் வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஆகவே அதிகம் கட்டுகிறவருக்கு அதிக வாக்கு கிடையாது. இந்த ஏற்பாட்டில் தவறேதும் இல்லை. உலக அமைப்பு என்று பெயர் வைத்துக்கொண்டால் இப்படித்தான் இருக்க முடியும். ஆனால் வாக்கால் தான் விரும்பியதைச் சாதிக்க முடியாத பெரிய பங்காளி, பணப்பையின் வாயைக் கட்டினால் என்ன செய்வது என்பதற்கு அந்தச் சட்டதிட்டத்தில் விடை இல்லை. சண்டை வரும்வரை அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. வந்த பிறகு கேட்டால், கேட்பவர் ஏதோ ஒரு கோஷ்டியைச் சேர்ந்தவராகிவிடுகிறார்.

கட்சிகளைப் போல ஏன் என்று கேட்கிறீர்கள். உண்மையில் கட்சிகளைவிட இளைஞர் அமைப்புகளின் நிலைமை மோசமானது என்பதே என் எண்ணம். கட்சியில் ஒருவர் நாற்பது ஆண்டுகள் இருக்கிறார். எந்த மாவட்டச் செயலாளர் எந்த ஆண்டில் எந்தத் தீர்மானத்தை மாற்றி எழுதினார் என்பது அவருக்கு மனப்பாடம். இளைஞர் அமைப்பில் பைலாவை ஒருவர் முழுதாகப் படித்து முடிப்பதற்குள் அவருக்கு வயது கடந்துவிடுகிறது, அல்லது வேலை கிடைத்துப் பெங்களூருக்குப் போய்விடுகிறார். நிலையாக இருப்பவர்கள் சம்பளம் வாங்கும் அலுவலர்களும் நன்கொடை தருபவர்களும் மட்டுமே. பழைய செய்திகள் அத்தனையும் அவர்களிடம் இருப்பதால், அதிகாரமும் அவர்களிடமே போய்ச் சேருகிறது.

இதன் மிகக் கொடிய வடிவத்தை 1967-இல் உலகம் பார்த்தது. அமெரிக்க மாணவர் தேசியச் சங்கம் ஆண்டுக்கணக்காக அந்நாட்டு உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.விடமிருந்து பணம் பெற்று வந்த செய்தியை ராம்பார்ட்ஸ் என்ற இதழ் வெளிக்கொண்டு வந்தது. அதைத் தொடர்ந்து, நெதர்லாந்தின் லெய்டன் நகரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த சர்வதேச மாணவர் மாநாட்டு அமைப்பும், உலக இளைஞர் பேரவையும் அறக்கட்டளைகளின் பெயரில் அதே பணத்தைப் பெற்றிருந்தது தெரியவந்தது. மாணவர் சங்கத்தில் புதிதாகப் பொறுப்பேற்கும் தலைவர்களில் ஒரு சிலரை மட்டும் அழைத்து, ரகசியம் காப்பதாகக் கையொப்பம் வாங்கிக்கொண்ட பிறகே விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். மேடையில் தீர்மானங்களின் மீது விடிய விடிய விவாதித்த மற்றப் பிரதிநிதிகளுக்கு எதுவும் தெரியாது. தேர்தல்கள் முறைப்படிதான் நடந்தன, கூட்டங்களும் தவறாமல் கூடின. ஆனால் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை, கேட்டவர்களுக்கு நேரான பதிலும் கிடைக்கவில்லை. லெய்டன் அமைப்பு 1969-இல் மூடப்பட்டது. (எதிர் முகாமான சோவியத் அணியில், பிராகிலிருந்து இயங்கிய மாணவர் ஒன்றியமும் சுதந்திரமானதாக இருக்கவில்லை, அது தனிக்கதை.)

பணத்தால் மட்டும் கெடுவதில்லை. 2023 ஆகஸ்டில் தென்கொரியாவின் சேமாங்கும் என்ற இடத்தில் கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில் நடந்த உலக ஜாம்போரியை நினைத்துப் பாருங்கள். சுமார் 43,000 இளையோர் வந்திருந்தார்கள். மர நிழல் இல்லாத வெட்டவெளி, தேங்கிய நீர், கடும் வெயில், போதாத கழிப்பறைகள். நூற்றுக்கணக்கானோர் வெப்பத்தால் நலிந்தார்கள். பிரிட்டனும் அமெரிக்காவும் தங்கள் பிள்ளைகளைப் பாதியிலேயே அழைத்துக்கொண்டு கிளம்பின. பிறகு புயல் எச்சரிக்கை வந்து 8-ஆம் தேதி முகாம் மொத்தமும் காலி செய்யப்பட்டது. அந்த ஏற்பாட்டுக் குழுவுக்கு எத்தனை தலைவர்கள் தெரியுமா? ஐந்து பேர். மூன்று அமைச்சர்கள், ஒரு நாடாளுமன்ற உறுப்பினர், அந்நாட்டுச் சாரணர் சங்கத் தலைவர். நம் ஊர் அழைப்பிதழ்களில் 'முன்னிலை' என்று போட்டுப் பத்துப் பெயர்களை அடுக்குவோமே, அதைப் போன்ற ஒரு குழு. கழிப்பறை கழுவ ஆள் வந்தாரா என்று பார்ப்பது அந்த ஐவரில் யாருடைய வேலை என்று ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

இளைஞர்களையே நிர்வாகக் குழுவில் உட்கார வைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று ஒரு கருத்து உண்டு. உலகச் சாரணர் குழுவில் ஆறு இளைஞர்களுக்கு ஆலோசகர் என்ற இடம் உண்டு, வாக்கு கிடையாது. ஆலோசகர் பதவி எப்படிப்பட்டவர்களுக்குத் தரப்படுகிறது என்பது சங்கம் நடத்திய எல்லோருக்கும் தெரியும். மாறாக, இளம்பெண்களுக்கான கிறித்தவ அமைப்பான உலக ஒய்.டபிள்யூ.சி.ஏ. தன் நிர்வாகக் குழுவில் கால் பங்கினராவது 30 வயதுக்கு உட்பட்டவர்களாக இருக்க வேண்டும் என்று தன் சட்டதிட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. இரண்டாவதே என் கட்சி. எனினும் வயது ஒரு தகுதியாகிவிடாது. கணக்கு கேட்கத் தெரியாத இருபத்தைந்து வயதுக்காரர், கணக்கு காட்ட விரும்பாத அறுபது வயதுக்காரருக்குக் கிடைத்த வரம்.

வேலூரிலிருந்து காஞ்சிபுரம் வழியாகச் சில மணி நேரப் பயணத்தில் உத்திரமேரூர் இருக்கிறது. அங்குள்ள பராந்தக சோழர் காலத்துக் கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காகப் புகழ்ந்து பேசாத மேடை இல்லை. எனக்கு அதில் பிடித்தது தேர்தல் அன்று. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும், அவனுக்கு இன்ன இன்ன உறவினர்களும் மீண்டும் குடத்தில் பெயர் இடப்படத் தகுதியற்றவர்கள் என்ற விதி. கடந்த மூன்றாண்டுக்குள் வாரியத்தில் இருந்தவருக்கும் இடமில்லை. (வயது வரம்பு 35 முதல் 70 வரை. ஆகவே நீங்கள் அங்கே வாரியத்துக்கு வந்திருக்க முடியாது.)

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். எட்டு ஆண்டுகளாக ஒருவரே தலைவராக இருப்பதைப் பாராட்டாகச் சொல்லியிருக்கிறீர்கள். அவர் நல்லவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் உங்கள் கிளை தனிச் சங்கமாகப் பதிவு பெற்றிருந்தால், 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்றாண்டுக்கு மேற்படக் கூடாது. மறுபடி தேர்ந்தெடுக்கப்படலாம், ஆனால் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். இடையில் முறையாகப் பொதுக்குழு கூடி, நிர்வாகிகள் மாற்றத்தைத் தெரிவிக்கும் ஏழாம் எண் படிவம் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கலாகியிருக்கிறதா? செயலாளர் என்ற முறையில் அது உங்கள் பொறுப்பு.

இதைக் கடுமையாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த ஊரில் நான் அறிந்த ஓர் இளைஞர் சங்கத்தின் மினிட்ஸ் புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்திருக்கிறேன். கூட்டம் தொடங்குமுன், டீயும் பிஸ்கட்டும் சுற்றி வரும்போதே, புத்தகமும் சுற்றி வரும். பக்கத்தின் கீழ்ப்பாதியில் வரிசையாகக் கையெழுத்துகள். மேல்பாதி வெள்ளையாக இருக்கும். இரண்டு வாரம் கழித்து அந்த மேல்பாதியில் அலுவலகப் பேனாவின் வேறு மையில் 'ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்ற வாசகம் இறங்கும். இடம் போதாமல் எழுத்துகள் கையெழுத்துகளின் மேல் ஏறி நிற்கும் பக்கங்களும் இருந்தன. கையெழுத்திட்டவர்களில் ஒருவரும் ஏமாற்றுக்காரர் அல்லர். வருகைக்குத்தான் கையெழுத்து என்று நினைத்தவர்கள்.

தேசிய அலுவலகம் தட்டச்சு செய்து அனுப்பியிருக்கும் கடிதமும் அதே இனம்தான். அதில் நீங்கள் கையெழுத்திட வேண்டாம் என்பது என் கருத்து. மறுத்துப் புரட்சி செய்யவும் வேண்டாம். கிளையின் செயற்குழுவைக் கூட்டி, பொதுச் செயலாளரை நீக்கிய கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு, அந்த அதிகாரத்தைத் தரும் விதி எண், கடைசி இரண்டு ஆண்டுகளின் தணிக்கை செய்யப்பட்ட கணக்கு ஆகியவற்றைக் கேட்டு, அவை கிடைத்த பின் பொதுக்குழுவில் வைத்து முடிவு தெரிவிப்பதாக ஒரு பக்கத்தில் பதில் எழுதுங்கள். தேசிய அமைப்பும் பதிவு பெற்ற ஒன்றுதான்; அது பதிவாளரிடம் தாக்கல் செய்தவற்றைக் கட்டணம் கட்டிப் பார்க்க வழி இருக்கும். தமிழ்நாட்டுச் சட்டத்தின் 36-ஆம் பிரிவின்படி மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கேட்டால் பதிவாளரே விசாரிக்கலாம் என்றாலும், அது கடைசியில் எடுக்க வேண்டிய ஆயுதம். எடுத்தவர்கள் பெரும்பாலும் சங்கத்தை நீதிமன்ற வாசலில் விட்டுவிட்டுத்தான் திரும்பியிருக்கிறார்கள்.

விலக வேண்டாம். நீங்கள் விலகினால் அந்த நாற்காலிக்குக் கேள்வி கேட்காத ஒருவரைத் தேடிப்பிடிப்பது எளிது. 2017-இல் தமிழ்நாடு சாரணர் சாரணியர் அமைப்பின் தலைவர் பதவிக்கு ஒரு தேசியக் கட்சியின் பிரமுகர் போட்டியிட்டுத் தோற்றது உங்களுக்கு நினைவிருக்கும். பள்ளிக் கல்வித் துறையின் முன்னாள் இயக்குநர் ஒருவர் பெரிய வித்தியாசத்தில் வென்றார். அதுவரை அப்படியொரு தேர்தல் இருப்பதே பலருக்குத் தெரியாது. வாக்காளர் பட்டியலில் இருந்தவர்கள் அன்று வந்து வாக்களித்தார்கள் என்பதைத் தவிர அதில் வேறு அதிசயம் இல்லை.

நின்றுபோன பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தலைமையகச் சண்டையால்தான் அது நின்றது என்று நீங்களாக முடிவு கட்டியிருப்பதாகத் தோன்றுகிறது. அப்படி இல்லாமலும் இருக்கலாம். 2020-இல் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, வெளிநாட்டிலிருந்து வரும் நன்கொடை முதலில் புதுதில்லி பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்கு மட்டுமே வர வேண்டும். அப்படிப் பெற்றதை ஒரு சங்கம் இன்னொரு சங்கத்துக்கு, அந்த இன்னொன்றும் அதே சட்டத்தில் பதிவு பெற்றதாகவே இருந்தாலும், மாற்றிக் கொடுக்க முடியாது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பும் 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைக்கப்பட்டது. ஆகவே உங்கள் கிளை தனிச் சங்கமா, தேசிய அமைப்பின் அங்கமா என்பதைப் பொறுத்து, மாலை வகுப்புக்கு இதுவரை வந்த தொகையே முறையானதா என்ற கேள்வி எழலாம். அது உள்நாட்டு நன்கொடையா, வெளிநாட்டுப் பணமா, எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்பதைப் பாஸ்புக்கை வைத்துக்கொண்டு உங்கள் ஆடிட்டரிடம் உடனே கேளுங்கள். ஆதரவுக் கடிதத்துக்குப் பதில் எழுத ஒரு மாதம் ஆனாலும் பாதகமில்லை. இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

வகுப்பு நடக்கட்டும். குடியாத்தத்தில் லுங்கி வியாபாரிகளும் முன்னாள் மாணவர்களும் இருக்கையில் ஒரு மாலை வகுப்பின் மின்கட்டணத்துக்கும் சுண்டலுக்கும் ஐரோப்பாவை எதிர்பார்க்க வேண்டியதில்லை. ரசீது மட்டும் தவறாமல் கொடுங்கள்.

அன்புடன்.