தீ ஒத்திகையின்போது சக்கர நாற்காலியில் இருப்பவரை மட்டும் இருக்கையிலேயே விட்டுவிடுவது சரியா?

சரியே இல்லை. 'நீங்கள் இறங்க வேண்டாம், தீயணைப்பு வீரர்கள் வந்து பார்த்துக்கொள்வார்கள்' என்று சக்கர நாற்காலியில் இருக்கும் ஊழியரிடம் உங்கள் அலுவலகத்தில் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அந்த ஊழியரின் பக்கத்து மேசைக்காரராகத்தான் இருப்பீர்கள். நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு இப்படி ஒரு கேள்வியே தோன்றாது.

எனக்குச் சிறுவயதில் போலியோ வந்தது. சென்னையில் ஓர் அலுவலகத்தின் ஏழாவது மாடியில், கணக்குப் பிரிவில் வேலை. ஒத்திகை மணி அடித்தால் எல்லோரும் படி இறங்குவார்கள். நான் காலியான தளத்தில் உட்கார்ந்திருப்பேன். ஒருமுறை பதிவேட்டைப் பார்த்தேன். 'அனைவரும் பாதுகாப்பாக வெளியேறினர்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்கள். அன்றே நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினேன்.

'படியில் இறக்கும் நாற்காலி வாங்கி வைத்திருக்கிறோமே' என்றார்கள். இருந்தது, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், பூட்டிய அலமாரிக்குள். சாவி தரைத்தளத்தில், காவலாளி அறையில்!

உறையைப் பிரிக்க வைத்தேன். அடுத்த ஒத்திகையில் பக்கத்து மேசைத் தம்பிதான் பின்னால் பிடித்தான். அந்த நாற்காலியைத் தூக்க வேண்டியதில்லை. அடியில் உள்ள ரப்பர் பட்டைகள் படி விளிம்புகளைப் பற்றியபடி இறங்கும். ஆனால் முதல் படியில் அது சாயும்போது அடிவயிறு கலங்கிவிடும். 'அக்கா, கைப்பிடியைப் பிடிக்காதீர்கள், கையை மார்போடு வைத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிக்கொண்டே வந்தான். நான்காவது மாடித் திருப்பத்தில் என் கால் பக்கவாட்டில் சரிந்து சுவரில் உரசியது. கணுக்காலுக்கும் ஒரு பட்டை வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது. கீழே போனால், என் சக்கர நாற்காலி மேலேயே இருக்கிறது! ஆகவே கீழே ஒன்று தயாராக இருக்க வேண்டும். அந்தத் தம்பி விடுப்பில் இருந்தால் யார் பிடிப்பது? ஒவ்வொரு ஷிப்டிலும் மூன்று பேருக்காவது பழக்கம் வேண்டும். காது கேளாத தோழி கழிப்பறையில் இருக்கும்போது மணி அடித்தால் அவளுக்கு எப்படித் தெரியும்? அங்கே மின்னும் விளக்கு வைக்கச் சொன்னோம். இவை எதுவும் நிர்வாகத்தின் திட்டத்தில் இல்லை.

நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் 69-ஆவது மாடியில் ஜான் அப்ரூசோ என்ற கணக்காளர் வேலை செய்தார். கை கால்கள் செயலிழந்தவர். 1993 குண்டுவெடிப்பின்போது அவரைக் கீழே கொண்டுவர ஆறு மணி நேரம் ஆனது. அதன் பிறகு இத்தகைய நாற்காலிகளை வாங்கினார்கள். 2001 செப்டம்பர் 11 அன்று சக ஊழியர்கள் பத்துப் பேர் மாறி மாறிப் பிடித்து, சுமார் ஒன்றரை மணி நேரத்தில் அவரை இறக்கிவிட்டார்கள். கட்டடம் இடியும் முன் அவர் வெளியே வந்துவிட்டார்.

தீயணைப்பு வீரர்களைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் வந்து சேரும்வரை என்ன செய்வது என்றுதான் கேட்கிறேன். உயரமான கட்டடங்களில் புகை புகாத தஞ்சப் பகுதி இருக்கும். அங்கே துணையோடு காத்திருப்பது வேறு, மேசையில் தனியாக உட்கார்ந்திருப்பது வேறு. 'ஒருவருக்காக இவ்வளவு செலவா?' என்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: காலில் கட்டுப் போட்டவருக்கும் நிறைமாதக் கர்ப்பிணிக்கும் ஆஸ்துமாக்காரருக்கும் அதே நாற்காலிதான் உதவும்.

எங்கள் தெரு வங்கியின் சாய்தளம் இன்னொரு கொடுமை. சட்டத்துக்குப் பயந்து கட்டிவிட்டு, அதன் வாயிலிலேயே பைக்குகளை நிறுத்த விடுகிறார்கள். மேலாளரிடம் சொன்னால், 'உங்கள் வீட்டில் வேறு யாரையாவது அனுப்பக் கூடாதா?' என்கிறார். என் கணக்கு, என் கையெழுத்து. நான் ஏன் வேறொருவரை அனுப்ப வேண்டும்?

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 8-ஆம் பிரிவில், அபாயச் சூழல்களில் மற்றவர்களுக்கு நிகரான பாதுகாப்பு உண்டு என்கிறது. கடிதத்தில் அதைக் குறிப்பிடுங்கள். அதற்கு முன் அந்த ஊழியரிடமே கேளுங்கள்: எங்கே பிடித்தால் வலிக்கும், யார் பிடித்தால் சம்மதம், எந்த மருந்து கையோடு வர வேண்டும். அவர் சொல்வதை அப்படியே எழுதி, அவர் கையெழுத்தோடு நிர்வாகத்திடம் கொடுங்கள்.