இடது 600, வலது 33: கட்டியை எடுத்துவிடலாமா?

கேள்வி: டாக்டர், ஊர் முக்கூடல், வயது 44. மூன்று மாத்திரை போட்டும் பிரஷர் 160-க்குக் கீழே இறங்கவில்லை, பொட்டாசியமும் குறைவு. ஸ்கேனில் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பியில், இடது பக்கம் சின்னக் கட்டி. இரண்டு பக்க அட்ரீனல் சிரையிலும் ரத்தம் எடுத்தார்கள், சுரப்பியைத் தூண்டும் ஏ.சி.டி.எச். ஊசி போடவில்லை. பிரஷரை ஏற்றிப் பொட்டாசியத்தைக் குறைக்கும் ஹார்மோனாம் ஆல்டோஸ்டிரோன், அது இடது 600, வலது 33. இவ்வளவு வித்தியாசம் இருந்தும் ‘முடிவு சொல்ல முடியாது’ என்கிறார்கள். ஏன்?

பதில்: அண்ணாச்சி, நீங்கள் அனுப்பிய தாளில் 600-ஐயும் 33-ஐயும் வட்டம் போட்டிருக்கிறீர்கள். நான் முதலில் பார்த்தது அடுத்த வரியில் இருக்கும் கார்டிசாலை. இடது 80, வலது 12, கையில் எடுத்த ரத்தத்தில் 10. கார்டிசாலும் அதே சுரப்பியில் ஊறுவதுதான், அதனால் ரத்தம் எடுத்த குழாய் சரியான சிரைக்குள் போயிருந்தால் கை ரத்தத்தைவிட இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். இடது பக்கம் எட்டு மடங்கு, அதில் சந்தேகமே இல்லை. வலது பக்கம் வெறும் 1.2. வலது அட்ரீனல் சிரை ரொம்பக் குட்டை, நேராகப் பெருஞ்சிரையில் போய்த் திறக்கும், அனுபவப்பட்ட கைக்கே தப்பும். திருப்புடைமருதூரில் கடனா நதி தாமிரபரணியில் சேருகிறது அல்லவா, கடனாத் தண்ணீர் வேண்டும் என்று போய் சேர்ந்த இடத்துக்குக் கீழே செம்பை முக்கினால் வருவது பெரும்பாலும் தாமிரபரணிதான். உங்கள் 33-ம் அப்படித்தான் இருக்கும்.

அப்புறம், ஆல்டோஸ்டிரோனைக் கார்டிசாலால் வகுத்துத்தான் பக்கங்களை ஒப்பிட வேண்டும். இடது 7.5, வலது 2.75. பதினெட்டு மடங்காகத் தெரிந்தது மூன்று மடங்குகூட இல்லை, அதுவும் வலது மாதிரியை நம்பினால்தான். இரண்டு பக்கமும் சுரக்கிற நோயாக இருந்து இடதை மட்டும் வெட்டி எடுத்தால் பிரஷர் போகாது, அதற்கு ஸ்பைரனோலாக்டோன் மாதிரி மாத்திரைதான் வைத்தியம். ஸ்கேனில் கட்டி தெரிகிறது என்பதற்காக மட்டும் ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கார்டிசாலும் சில நேரம் ஏமாற்றும். மணிக்கு மணி ஏறி இறங்கும், பயந்தாலே கூடும். கட்டியே கார்டிசாலையும் சுரந்தால், வகுக்கிற எண் பெரிதாகி, நோயுள்ள பக்கமே சாதுவாகத் தெரியும். அதனால் ராத்திரி 11 மணிக்கு 1 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை போட்டுக் காலை 8 மணிக்குக் கார்டிசால் பார்க்கும் சோதனை செய்தார்களா என்று கேளுங்கள். செய்யாவிட்டால் செய்யச் சொல்லுங்கள், ஆபரேஷனுக்குப் பிறகு ஸ்டீராய்டு துணை வேண்டுமா என்பதும் அதை வைத்துத்தான்.

குழாய் சரியாகப் போனதா என்று பார்க்க இன்னொரு வழி மெட்டாநெஃப்ரின். இது சுரப்பியின் உள்பகுதியில் உண்டாவது, படபடப்புக்கு ஏறி இறங்குவது குறைவு, சிரைக்கும் கைக்கும் வித்தியாசம் கார்டிசாலைவிடப் பல மடங்கு. குழாய் உள்ளே போனதற்கு 12 மடங்கு என்று ஓர் எல்லையே சொல்லியிருக்கிறார்கள். உங்கள் வலது பக்க மாதிரியில் மிச்சம் இருந்து, அதை உறைய வைத்திருந்தால் அதிலேயே பார்க்கலாம், கேட்டுப் பாருங்கள். அந்தப் பெயரைக் கேட்டு வேறு கட்டியோ என்று பயப்பட வேண்டாம், இங்கே அது குழாய் எங்கே இருந்தது என்று சொல்லும் சாட்சி மட்டுமே.

மாதிரி இல்லை என்றால் திரும்ப எடுக்கத்தான் வேண்டும். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், பொட்டாசியத்தைச் சரிசெய்துகொண்டு போங்கள்.